குறை சொல்லி வாங்கப் போன வீடு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்த்தி போன் செய்தான். என் மனைவி தனத்தின் அண்ணன் மகன். ஊமச்சிகுளம் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறானாம். "மாமா, நீங்க சும்மா வந்து நின்னாப் போதும். ரெண்டு குறை சொன்னீங்கன்னா வெலை தானா எறங்கிரும். நீங்க பேசுற பேச்சுக்கு வீட்டுக்காரன் வீட்டையும் குடுத்து ஆட்டோவும் பிடிச்சு அனுப்பிருவான்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பு வலி என்று ஒரு பொய்யைச் சொல்லி போனை வைத்தேன். அடுப்படியில் தனம் மோருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பெருங்காயமும் கருவேப்பிலையும் எண்ணெயில் விழுந்த வாசனை கூடம் வரை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் பசி எடுக்கும், எனக்கு ஒரு பழைய வீடு ஞாபகத்துக்கு வரும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரம் பேசுவதில் எனக்கு ஒரு காலத்தில் பெரிய பேர். எங்கள் குடும்பம் எழுமலைப் பக்கம். ஒரு பொருளை நல்லாயிருக்கு என்று சொல்லி வாங்குகிறவனை எங்கள் ஆட்கள் ஏமாளி என்பார்கள். என் அம்மா மண்சட்டி வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாள். கணீர் என்று கேட்கும். "என்னப்பா, செத்த சத்தமா வருது" என்பாள். சட்டிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆமாத்தா, நேத்துதான் செத்துச்சு. வெலையச் சொல்லித் தூக்கிட்டுப் போ" என்பார். சட்டி நல்ல சட்டி என்று இரண்டு பேருக்கும் தெரியும். தனத்தைப் பெண் பார்க்கப் போன இடத்தில் எங்கள் பெரியப்பா பழக்க தோஷத்தில் கேசரியில் இனிப்பு கம்மி என்று சொல்லிவைக்க, தனத்தின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அவரை உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேலையும் எனக்கு அப்படியே வாய்த்தது. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கடையில் விற்பனைக்கு நின்றேன். திருவாதவூர், மேலூர்ப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் வந்து, பெட்டி பிரிக்காத புது பம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இது தண்ணி எறைக்குமா, எச்சி துப்புமா?" என்பார்கள். பேசி முடித்து அதே பம்புக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இதையே பார்த்துப் பார்த்து, குறை சொன்னால் யாருக்கும் வலிக்காது என்று என் புத்தியில் பதிந்துவிட்டது. பம்புக்கு வலிக்காதுதான்.

அப்போது நாங்கள் செல்லூரில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். தனம் உயரம் கம்மி. கல்யாணத்தில் மாலை மாற்றுவதற்கு நான் குனிந்த குனிவை இன்றைக்கும் போட்டோவில் பார்க்கலாம், எதையோ கீழே தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி இருப்பேன். அந்த வாடகை வீட்டில் அடுப்பு மேடை அவள் நெஞ்சுக்கு வரும். ஒரு மரப்பலகையைப் போட்டு அதில் ஏறி நின்றுதான் சமைப்பாள். உப்பு எடுக்க இறங்கி, கிண்ட ஏறி, தாளிக்க இறங்கி, இப்படியே பொழுது போகும். அவசரத்தில் பலகையை மறந்து எட்டினால் குழம்புச் சட்டி விளிம்பு முழங்கையில் பட்டுவிடும். இரண்டு கையிலும் தழும்பு. மேடையை உடைத்துத் தணித்துக் கட்டித் தாருங்கள் என்று கேட்டதற்கு வீட்டுக்காரர், "உங்க சம்சாரத்துக்கு அளவெடுத்து நான் வீடு கட்ட முடியுமாங்க?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

சொந்த வீடு என்று பேச்சு வந்தால் தனம் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "எனக்கு மாடி வேணாம், மார்பிள் வேணாங்க. தரையில காலை ஊண்டி நின்னு சமைக்கணும். அம்புட்டுத்தான்."

அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மனசில் ஒன்று வந்துவிட்டால் முகத்தில் பால் மாதிரிப் பொங்கிவிடும். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் இவள் முகத்தைப் பார்த்தே எந்தப் புடவை பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு விலையைச் சொல்வார்கள். பேரப்புலி எனக்கு இது பெரிய தலைவலி.

அந்த வீடு கே.கே. நகரைத் தாண்டி, வண்டியூர்க் கண்மாய்க்குப் போகிற பக்கம் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்காரர் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்தவர், காலமாகிவிட்டார். அவர் மனைவி சரோஜாக்கா கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப் போவதாகவும், அதனால் விற்பதாகவும் புரோக்கர் சுந்தரம் சொன்னார். "அண்ணே, ஒண்ணு சொல்லிப்புடுறேன். அந்தம்மாவுக்கு வெலை பெருசில்ல. வீட்டை நல்லா வச்சுக்கிற ஆளாப் பாத்துக் குடுக்கணும்னு இருக்கு" என்றார். எத்தனை புரோக்கரைப் பார்த்திருக்கிறேன்! இதெல்லாம் விலையை ஏற்றுகிற பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டைத் திறப்பதற்கு முன்னால் தனத்தை நிறுத்தினேன். "இங்க பாரு. உசுரே போற மாதிரிப் புடிச்சாலும் மூஞ்சில காட்டிறாத. யாரு கேட்டாலும் சுமார்னு சொல்லு. காரியம் முடியுற வரைக்கும் அதுதான் பேச்சு." "சரிங்க" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினாள்.

சின்ன வீடுதான். ஒரு கூடம், இரண்டு அறை, அடுப்படி, பின்னால் ஒரு நெல்லிக்காய் மரம். வாசல் படிகள் ரொம்பத் தணிவாக இருந்தன. நாலு படி இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் படி. மாடிக்குப் போகிற படிகளும் அப்படித்தான், அரைப் படி அரைப் படியாக ஏறிக்கொண்டே இருந்தன. சுவர் ஓரமாக இரும்புக்கம்பி ஓடியது. சுவிட்சுகள் எல்லாம் இடுப்பு உயரத்திலேயே இருந்தன. சரோஜாக்கா கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வாங்கோ, வாங்கோ. சுத்திப் பாருங்க" என்றார்.

தனம் நேரே அடுப்படிக்குப் போனாள். நானும் எட்டிப் பார்த்தேன். அடுப்பு மேடை அவளுக்கு அளவெடுத்துக் கட்டின மாதிரி இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் மேடையில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். கீழே குனிந்து தன் காலைப் பார்த்தாள். பலகை இல்லை, தரை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அட, தேறிவிட்டாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை! கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடத்துக்கு வந்து என் கச்சேரியை ஆரம்பித்தேன். "என்னக்கா, படியெல்லாம் இம்புட்டுத் தணிவா இருக்கு? கோழிக்குஞ்சு ஏறுறதுக்குக் கட்டுனதா?" புரோக்கர் சுந்தரம் தொண்டையைச் செருமினார். நான் கவனிக்கவில்லை. "செவுத்துக்குச் செவுரு கம்பி வேற. ஆஸ்பத்திரிக்குள்ள வந்த மாதிரி இருக்கு. அடுப்பு மேடை இடுப்புக்குக்கூட வரல. கொத்தனாரு குள்ளனா?" என்று நானே சிரித்தும் கொண்டேன்.

சரோஜாக்கா எழுந்திரிக்கப் பார்த்தார். முதலில் நாற்காலிக் கையைப் பிடித்து, பிறகு சுவரில் இருந்த கம்பியைப் பிடித்து எழுந்தார். அப்போதுதான் பார்த்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பி, வலது காலைவிடக் குட்டையாக இருந்தது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"எங்க வீட்டுக்காரர் நின்னு கட்டினது தம்பி. பாக்கிறவங்க சிரிப்பாங்கன்னு கொத்தனார் சொன்னார். சிரிச்சாச் சிரிக்கட்டும், ஏறப்போறது அவதானேன்னுட்டார்" என்றார். குரலில் கோபமே இல்லை. "வெயில்ல வந்திருக்கீங்க. இருங்கோ, மோர் தர்றேன்."

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். தெரியாமல் பேசியதற்கு மன்னிப்பு உண்டு. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிற ஆளுக்கு ஊரில் பஞ்சமா? தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். 'தெரியாமப் பேசிட்டேன்க்கா, மன்னிச்சுக்கங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இப்போது இறங்கிப் பேசினால் விலை ஏறிவிடும் என்று அதை அப்படியே முழுங்கினேன். முழுங்கிவிட்டு, "எதுக்குக் கட்டுனா என்னக்கா? நாங்க வந்தா இம்புட்டையும் இடிச்சுத்தான் கட்டணும். அந்தச் செலவைக் கழிச்சுட்டுப் பேசுவோம்" என்று ஒரு அடிமாட்டு விலையையும் சொன்னேன். சொன்னது இந்த வாய்தான்.

அவர் திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனார். டம்ளர் எடுத்துக் கொடுக்கத் தனமும் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மோரோடு வந்தார்கள். பெருங்காயமும் கருவேப்பிலையும் தாளித்துக் கொட்டிய மோர், அதில் இஞ்சியைத் தட்டிப் போட்டிருந்தார். அந்தத் தாளிப்பைத் தனம் அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அப்படி ஒரு மோரை நான் அதுவரை குடித்ததில்லை. அதையும் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. விலைக்குப் பயந்து மோரைக்கூடப் பாராட்டாத மனுஷன் நான்.

திரும்பும் வழியில் தனம் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு வாரம் ஆறப்போடுவோம். அந்தம்மாவே எறங்கி வரும் பாரு" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினேன். அண்ணா நகர் சிக்னலில் நின்றபோதுதான், "அந்தக்கா பாவங்க" என்றாள்.

இரண்டு வாரமெல்லாம் ஆகவில்லை. அதற்குள் சுந்தரம் போன் செய்தார். "அண்ணே, அந்த வீடு முடிஞ்சிருச்சு. ஒரு வாத்தியார் குடும்பம். நீங்க குடுக்குறதாச் சொன்னதைவிடக் கம்மிக்குத்தான் குடுத்திருக்கு அந்தம்மா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னண்ணே சொல்றீங்க, கம்மிக்கா?" "நீங்க இடிக்கப் போறேன்னீங்கள்ல. மனசு விட்டுப் போச்சு."

அன்று மாலையே ஓடினேன், ஆறு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் அல்வாவும் வாங்கிக்கொண்டு. சரோஜாக்கா முகம் சுளிக்காமல் உட்காரச் சொன்னார். "கேட்ட வெலைக்கு மேலேயே தாரேன்க்கா" என்றேன். "வாக்குக் குடுத்துட்டேன் தம்பி" என்றார். மன்னிப்பு கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் வருமா? அப்போதும் விலையைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன். பழத்தையும் அல்வாவையும் அவரே திருப்பி என் கையில் வைத்து, "சம்சாரத்துக்குக் குடுங்க. நல்ல பொண்ணு" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்று எங்கள் கடைக் கூட்டாளி ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன், "விடு மாப்ள, அந்த வீட்ல தண்ணி குடிக்க உனக்கு எழுதல" என்றான். தண்ணீர் என்ன, மோரே குடித்தேனே என்று நினைத்துக்கொண்டேன். எந்த ஆறுதலும் உள்ளே இறங்கவில்லை. கடை கீழமாசி வீதியில், வீடு செல்லூரில். நான் என்னவோ வண்டியை கே.கே. நகர் பக்கம் விட்டு, அந்தத் தெரு முனை டீக்கடையில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வாத்தியார் வீட்டு மாடியில் துணி காயும். அந்தப் படிகளில் அவர் பெண் குழந்தை இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கும். பார்த்துவிட்டு வந்து, தனம் பலகையில் ஏறி நிற்பதைப் பார்ப்பேன். என்னை நானே இரண்டு அறை அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

பரிகாரமாக என்னென்னவோ செய்தேன். தினமும் மல்லிகைப்பூ வாங்கிப் போனேன். ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தனம், "எதுக்கு இம்புட்டுப் பூவு? வெளிய என்ன தப்புப் பண்ணிட்டு வாரீங்க?" என்று மடக்கினாள். பேரம் பேசுவதையே விட்டேன். ஆட்டோக்காரர் சொல்வதுதான் வாடகை, தக்காளிக்காரம்மா சொல்வதுதான் விலை. என்னைக் கண்டதும் சந்தையில் விலை ஏற ஆரம்பித்தது. "உங்க வருத்தத்துக்கு நம்ம வீட்டுப் பையில ஓட்டை விழுகுது. ஒழுங்கா நாலு வார்த்தை பேசி வாங்கிட்டு வாங்க" என்று தனம் சத்தம் போட்டாள். ராத்திரி சாப்பாட்டில் நான் பெருமூச்சு விட்டால், "சாம்பார்ல உப்பு கம்மியா, இல்ல அந்த வீட்டு நெனப்பா?" என்பாள். அவள் ஒரு தடவைகூட 'உங்களாலதான்' என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றியிருக்கலாம். சொல்லாததால் நானே எனக்கு வக்கீலும் ஜட்ஜுமாக இருந்து தினமும் தண்டனை கொடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தத் தண்டனையில் ஒரு சுகம்கூட வந்துவிட்டது. இம்புட்டு வருத்தப்படுகிறேனே, நான் நல்லவன்தானே என்று ஒரு நினைப்பு.

போன வருஷம் தை மாசத்தில் ஒருவழியாக ஒத்தக்கடையைத் தாண்டி, திருவாதவூர் போகிற ரோட்டில் ஒரு சின்ன வீடு கட்டிக் குடி வந்தோம். அடுப்பு மேடைக்குத் தனத்தை நிற்கவைத்து முழங்கைக்கு நூல் பிடித்து அளவு எடுத்தேன். "என்ன சார் இம்புட்டுத் தணிவா? நாளைக்கு விக்கணும்னா பாக்க வாரவன் குறை சொல்லுவான்" என்றார் மேஸ்திரி. "சொல்லட்டும், நீங்க கட்டுங்க" என்றேன்.

பால் காய்ச்சி, வந்த சனமெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, தனம் அந்த மேடையில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தரையில் காலை ஊன்றித்தான் நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பழைய கணக்கைத் தீர்த்தவன் மாதிரி, "என்ன தனம், இப்பச் சரியாப் போச்சா?" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேடையில் சாய்ந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க. அன்னைக்கு மோர் எடுக்கப் போனம்ல, அப்ப அந்தக்கா எங்கிட்ட கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"'உன் வீட்டுக்காரர் வெலைக்காகப் பேசுறார், எனக்குத் தெரியும். அதை நான் எடுத்துக்கலை. சமைக்கப் போறவ நீதானே, உனக்குப் புடிச்சிருக்கா, சொல்லு. புடிச்சிருந்தா உனக்குத்தான்'னு கேட்டுச்சுங்க. என் கையில இருக்குற தழும்பையெல்லாம் தடவிப் பாத்துச்சு."

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"சுமாரா இருக்குக்கான்னு சொல்லிட்டேன்" என்றாள். "நீங்க யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னீங்க. நானும் மூஞ்சில காட்டாமத்தான் சொன்னேன். அது முகம் அப்படியே செத்துப் போச்சுங்க. நீங்க பேசுனப்பகூட அது அப்படி ஆகல. 'அப்படியாம்மா'ன்னு சொல்லிட்டு, கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அவுக வீட்டுக்காரர் ஆசையாக் கட்டிக் குடுத்ததை நான் சுமார்னு சொல்லிட்டேன்."

"இதை ஏன் எங்கிட்ட இம்புட்டு வருசமாச் சொல்லல?"

"நீங்களே ராவும் பகலும் பொலம்பிக்கிட்டு இருந்தீங்க. இதையும் சொன்னாத் தாங்குவீகளா?" என்றாள்.

சுந்தரம் சொன்னதை நம்பி, வீட்டைக் கெடுத்தது என் பேச்சு என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என் பேச்சை அந்த அக்கா ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்த பொய்யில்தான் அவர் மனசு விட்டுப் போயிருக்கிறது. நான் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு, டீக்கடையில் நின்று, பூ வாங்கி, தக்காளிக்காரிக்குக் கொட்டிக் கொடுத்து என் வருத்தத்தை ஆற்றிக்கொண்டிருந்தபோது, இவள் பலகையில் ஏறி இறங்கிக்கொண்டே இதை வாய் திறக்காமல் சுமந்திருக்கிறாள். 'சாம்பார்ல உப்பு கம்மியா' என்று எனக்குச் சிரிப்பு வேறு மூட்டியிருக்கிறாள்.

மறு வாரமே இரண்டு பேரும் கிளம்பினோம். சரோஜாக்காவின் கோயம்புத்தூர் விலாசம் வாத்தியார் வீட்டில் இருக்கும், நேரில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று தனம்தான் சொன்னாள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. தெருவுக்குள் நுழைந்தால் வீட்டைக் காணோம். அந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஸ்கேன் சென்டர் ஒன்று நிற்கிறது. வாசலில் செங்குத்தாகப் படிகள், ஒரு பெரியவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெல்லி மரம் இருந்த இடத்தில் ஜெனரேட்டர். எதிரில் இஸ்திரி வண்டிக்காரம்மாவிடம் விசாரித்தோம்.

"சரோஜாம்மாவா? வாத்தியார் வீட்டை வித்துட்டுப் போறதுக்கு முன்னாடியே அது கோயமுத்தூர்ல தவறிப் போச்சே! மக வந்து சொல்லி அழுதுட்டுப் போச்சு. நீங்க சொந்தமா?"

"இல்லம்மா, வீடு பாக்க வந்தோம் ஒருக்கா" என்றேன்.

தனம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "புடிச்சிருக்குக்கான்னு ஒரு வார்த்தை. சொல்றதுக்குக் காசா பணமா?" என்றாள். பிறகு அங்கேயே, இஸ்திரிக்காரம்மா பார்க்கப் பார்க்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீடு கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்றைக்குக்கூட அவள் அழுததில்லை. நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வீடும் இல்லை, அதைக் கட்டச் சொன்னவரும் இல்லை, அதில் ஏறி இறங்கியவரும் இல்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொள்ள இனி யாருமே இல்லை. அதைச் சொல்லாதே என்று இவளிடம் சொன்ன நான் மட்டும் இருக்கிறேன்.